குறுவட்டத்துக்கு ஒரு மழைமானி

ஒன்றியக் கையேட்டின் மூன்றாம் பக்கம்
வருசா வருசம் என் தலையில்தான் விழும்:
'நில அமைப்பும் தட்பவெப்பமும்.'
போன வருசத்ததைப் பார்த்து எழுதும்மா,
மலை என்ன நகரவா போகுது, என்பார் மேலாளர்.

எழுதுகிறேன்.
கடல்மட்டத்திலிருந்து முன்னூற்றுப் பத்து மீட்டர்.
மேலே செம்மண், அடியில் சுண்ணாம்புக்கல்,
அதற்கும் அடியில் ஆயிரத்து இருநூறு அடிவரை
போர் போட்டவர்களின் கடன்.
தரை கிழக்கே சாய்ந்திருக்கிறது.
நின்று பார்த்தால் தெரியாது.
வாய்க்காலில் தண்ணி விட்டால் தெரியும்,
நாலு மண்டலத்தில் நம்ம முறை வருகிறபோது.

மேற்கே மலைச்சுவரில் ஒரு சந்து.
மழையையெல்லாம் அந்தப் பக்கமே இறக்கிவைத்துவிட்டு
ஆனியிலும் ஆடியிலும் வெறுங்கையோடு வருகிறது காற்று.
தென்னைகள் மொத்தமும் ஒரே பக்கம் தலைசாய்த்துக்கொள்ளும்.
அங்காத்தாள் கூப்பிட்டால்
கெழக்கால தோட்டத்து ஆள் திரும்பிப் பார்ப்பான்,
மேக்கால நிற்கிற அவள் புருசனுக்குக் கேட்காது.
காத்தாடிக் கம்பெனிக்கு நிலம் கொடுத்ததிலிருந்து
யாரும் 'நம்மூர்க் காத்து' என்று சொல்வதில்லை.

கொறங்காட்டைத் தரிசு என்றுதான் எழுதவேண்டும்,
படிவத்தில் வேறு கட்டம் கிடையாது.
கிளுவை வேலிக்குள்
மூன்று எருமைக்கன்றும் பதினாறு செம்மறியும்
தரிசைத் தின்று
கொழுத்துக்கொண்டிருக்கின்றன.

சராசரி மழை அறுநூற்றுப் பதினெட்டு மில்லிமீட்டர்.
பன்னிரண்டு வருசமாக அளக்கிறேன்,
அந்தக் கணக்குக்கு ஒரு வருசமும் பெய்ததில்லை.

மானி இருப்பது ஆபீசுக்குப் பின்னால்,
ஜீப் செட்டுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில்,
கம்பிவலைக்குள், பூட்டோடு.
ஐப்பசி மூன்றாம் தேதி ராத்திரி
எங்கள் கூரைமேல் மட்டும் ஒரு மேகம் கிழிந்தது.
காலை எட்டரைக்கு அளந்தேன்: எழுபத்து நான்கு.
பஸ் ஸ்டாண்டு தாண்டி ரோட்டில் ஈரமில்லை.
குறுவட்டத்துக்கு ஒரு மானி;
முப்பத்தோரு ஊரும் அன்றைக்கு நனைந்ததாகக் கணக்கு.

மார்கழியில் சென்னியப்பன் வந்தார்.
ஆறு ஏக்கர் மக்காச்சோளம், கதிர் பிடிக்கவில்லை,
காப்பீட்டுக்காரர் கைவிரித்துவிட்டார்
என் எழுபத்து நான்கைக் காட்டி.
சத்தம் போடவில்லை.
துண்டை அவிழ்த்து மேசைமேல் மண்ணைக் கொட்டினார்.
வெல்லப்பொடி மாதிரி மண். விரலில் ஒட்டவில்லை.
"ஏனுங்க அம்மிணி, இதையும் அளந்து பாருங்க."

சிரிக்கிறாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். இல்லை.
அளவுக் குடுவையை எடுத்தேன்,
காகிதத்தை மடித்துச் சரித்தேன்.
மேலாளர் கதவோரம் வந்து நின்று
ஒன்றும் சொல்லாமல் போனார்.
இரண்டு முறை தட்டிச் சமன்செய்து
கண்மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்துப் படித்தேன்:
ஒன்பது புள்ளி நாலு.
"எழுதிக்கிட்டீங்களா?"
எழுதினேன். நீலப் பதிவேட்டில் இல்லை,
மேசை நாட்காட்டியில், அன்றைய தேதிக்குக் கீழே.
அது போதும் என்பதுபோலத் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.
போதாது என்று
இருவருக்கும் தெரியும்.
டீ வேண்டாம் என்றுவிட்டார்,
பதினொன்றே காலுக்கு மூலனூர் பஸ்.

கையேடு அச்சுக்குப் போயிற்று.
மூன்றாம் பக்கத்தில் எழுபத்து நான்கு இருக்கிறது,
சராசரி ஒரு மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது,
மலை நகரவில்லை.

குடுவையை மூன்று தண்ணி விட்டுக் கழுவினேன்.
தை பிறந்து எட்டாம் நாள்
யாரும் கேட்காத ஒரு தூறல்.
ஒன்று புள்ளி இரண்டு.
அளந்து கீழே ஊற்றும்போது பார்த்தேன்,
லேசாகச் சிவந்திருந்தது.